காலி பாட்டில் ஊர் திரும்ப எத்தனை வழி?

வேளச்சேரியில் இருந்து ஒரு அக்கா வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார். சமையலறை சிங்குக்குக் கீழே எங்கள் லேபிள் ஒட்டிய ஒரு லிட்டர் பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டில்கள் பதினான்கு, கழுவி, மூடி போட்டு, காலைப் பிரேயருக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி வரிசையாக நிற்கின்றன. "தம்பி, எண்ணெய் நல்லா இருக்கு. ஆனா இதையெல்லாம் தூக்கிப் போட மனசு வரல. நீங்களே திருப்பி எடுத்துக்கலாம்ல?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். லேபிளில் 'இயற்கை', 'பாரம்பரியம்' என்று கொட்டை எழுத்தில் போட்டது நாங்கள்தானே. அன்றைக்கு ஒரு கைகூப்பும் ஸ்மைலியை மட்டும் அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அதற்கப்புறம் ஏழெட்டு மாதம் இதே நினைப்பாக அலைந்து, காசு கொஞ்சம் விட்டு, ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். எண்ணெய், தேன், நெய், ஊறுகாய் என்று ஊரில் இருந்து ஆன்லைனில் விற்கிற யாருக்கும் இதே கேள்வி ஒருநாள் வரும் என்பதால் கணக்கோடு எழுதி வைக்கிறேன்.

காங்கேயத்துப் பக்கம் எங்கள் அத்தை வீட்டில் வாகை மரச்செக்கு இரண்டு ஓடுகிறது. தேங்காய், கடலை, எள் மூன்றும் ஆட்டுகிறோம். ஆட்டுவதும் வடிப்பதும் அத்தையும் மாமாவும். வெப்சைட், ஆர்டர், பேக்கிங், கூரியர்காரர்களோடு மல்லுக்கட்டுவது என் பங்கு. செக்குக்குள்ளே எதுவும் வீணாவதில்லை. கடலைப் புண்ணாக்கும் எள்ளுப் புண்ணாக்கும் மாட்டுக்குப் போகிறது, தேங்காய்த் தொட்டி கரி சுடுகிறவர்களுக்குப் போகிறது, எள்ளோடு போடும் கருப்பட்டிகூடப் புண்ணாக்கோடு சேர்ந்து மாட்டின் வாய்க்குப் போய்விடுகிறது. அத்தை சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஆட்கள் சொந்தக் கடலையைச் சுமந்து வந்து ஆட்டி, சொந்தத் தூக்கில் எண்ணெயை ஊற்றிக்கொண்டு போவார்களாம், பாட்டில் என்ற பேச்சே கிடையாது. ஆன்லைனுக்கு வந்த பிறகுதான் லிட்டருக்கு ஒரு பாட்டில், ஒரு அட்டைப்பெட்டி, குமிழ் உறை, மூன்று சுற்று டேப் என்று ஆனது. எண்ணெய்க்குச் செலவழித்த அக்கறையில் பாதியைக்கூட அதை ஊற்றிக் கொடுக்கிற பாத்திரத்துக்கு நாங்கள் செலவழிக்கவில்லை.

கொடுத்த பாத்திரத்தைத் திருப்பி வாங்கி மறுபடி பயன்படுத்துவதற்கு மேலாண்மைப் பாடத்தில் 'மூடிய சுற்று விநியோகச் சங்கிலி' என்று ஒரு பெரிய பெயர் இருக்கிறது. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். உங்கள் வீட்டு வாசலில் 20 லிட்டர் தண்ணீர் கேன் போடுகிற தம்பி அதைத்தான் தினமும் செய்கிறார். முதல் தடவை அட்வான்ஸ் வாங்கிக்கொள்கிறார், அடுத்த தடவை நிறை கேனை இறக்கிவிட்டுக் காலி கேனைத் தூக்கிப் போகிறார். கேஸ் சிலிண்டரும் அப்படித்தான். கோலி சோடாக் கடைக்காரர் இன்னும் ஒருபடி மேலே, நாம் குடித்து முடிக்கும் வரை பாட்டில் மேலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். இவர்களில் யாரும் 'சுற்றுச்சூழல்' என்று ஒரு வார்த்தை பேசுவதில்லை.

சரி, எங்கள் முன்னால் இருந்த வழிகளுக்கு வருகிறேன்.

முதலாவது, இருக்கிறபடியே பெட் பாட்டிலில் அனுப்பிவிட்டு மறுசுழற்சியை நம்புவது. பெட்டைத் திட்டுவது சுலபம், ஆனால் அதன் பலத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு லிட்டர் பாட்டில் முப்பது கிராம்கூட இருக்காது, கீழே விழுந்தால் உடையாது, விலையும் குறைவு. திருப்பி வாங்கி நிரப்பலாமே என்று அக்கா கேட்டதற்குச் சட்டம் இடம் தரவில்லை என்பதைத் தேடிப் பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 ஆம் ஆண்டுப் பேக்கேஜிங் விதிமுறைகள் மறுபடி நிரப்புவதைப் பற்றிப் பேசும்போது கண்ணாடி பாட்டிலையும், 5 லிட்டரும் அதற்கு மேலும் கொள்கிற பிளாஸ்டிக் கலன்களையும்தான் சொல்கின்றன. அதுவும் எளிதாகக் கழுவிக் கிருமி நீக்கக் கூடியதாக இருந்தால். ஒரு லிட்டர் பெட்டுக்கு அங்கே இடமில்லை.

அப்படியானால் அது எங்கே போகிறது? பழைய இரும்புக் கடைக்குப் போனால் பெரும்பாலும் நூலாகிறது. 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்கு அணிந்துவந்த நீல நிற மேலங்கியின் துணி பழைய பெட் பாட்டிலில் இருந்து வந்தது, அது நெய்து வந்தது நம்ம கரூரில் இருந்துதான். நல்ல விஷயம், மறுக்கவில்லை. ஆனால் பாட்டில் சட்டையானால் அது மறுபடி பாட்டில் ஆவதில்லை, அடுத்த மாத எண்ணெய்க்கு நான் புது பாட்டில்தான் வாங்க வேண்டும். தவிர, எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய பாட்டிலைப் பழைய சாமான் எடுப்பவர்களுக்கே பிடிக்காது, தண்ணீர் பாட்டிலுக்குக் கிடைக்கிற மரியாதை இதற்குக் கிடையாது. பிளாஸ்டிக் கழிவு விதிகளில் 2022 இல் கொண்டுவந்த உற்பத்தியாளர் பொறுப்பு வழிகாட்டுதலில் பிராண்ட் வைத்திருப்பவர்கள் கணக்குக் காட்ட வேண்டும் என்று இருக்கிறது, எங்களைப் போன்ற நுண், சிறு நிறுவனங்களுக்கு அதில் விலக்கு. அதனால் சட்டப்படி தலைவலி இல்லை. அக்கா அனுப்பிய படம்தான் தலைவலி.

இரண்டாவது வழி கண்ணாடி. நானும் எல்லோரையும் போல இங்கேதான் முதலில் விழுந்தேன். பார்க்க அழகு, வாசம் ஒட்டாது, எத்தனை தடவை வேண்டுமானாலும் கழுவலாம். வாடிக்கையாளர் கூரியரில் திருப்பி அனுப்பினால் அட்வான்ஸைத் திருப்பித் தருவோம் என்று அறிவித்துவிட்டு 60 பாட்டில் அனுப்பினேன்.

இங்கே கொஞ்சம் நின்று கணக்கைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நான் கணக்குப் பார்க்காமல் இறங்கியதால்தான் அடி வாங்கினேன். ஒரு லிட்டர் எண்ணெய் எடை ஏறக்குறைய 910 கிராம். வெறும் கண்ணாடி பாட்டில் 550 கிராம். உடையாமல் போக வேண்டும் என்றால் நாலு பக்கமும் இரண்டு விரல் தடிமனுக்கு அடைப்பு வேண்டும், அப்படிக் கட்டினால் பெட்டி 16க்கு 16க்கு 38 சென்டிமீட்டர் வருகிறது. கூரியரில் எடை ஒருபக்கம், அளவு எடை இன்னொரு பக்கம். நீள, அகல, உயரத்தைப் பெருக்கி 5000 ஆல் வகுத்து வருவதுதான் அளவு எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. இந்தப் பெட்டிக்கு அது 1.95 கிலோ, அதாவது 2 கிலோ கட்டணம். பெட் பாட்டிலாக இருந்தால் 12க்கு 12க்கு 32 போதும், அளவு எடை ஒரு கிலோவுக்கும் கீழே, நிஜ எடைதான் கணக்கு, ஒன்றரைக் கிலோ கட்டணத்தில் முடிந்துவிடும். இதுவரைகூடப் பரவாயில்லை. திரும்பி வரும்போது பாருங்கள்: பாட்டில் காலி, ஆனால் பெட்டி அதே பெட்டி. எண்ணெய் இல்லாமலே மறுபடி 2 கிலோ கட்டணம். காற்றைக் காங்கேயத்துக்கு வரவழைக்கப் பணம் கட்டியிருக்கிறேன் என்று மாமா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

திரும்பி வந்தது 31. அதில் நாலு வழியிலேயே நொறுங்கி வந்தன, பழைய செருப்புப் பெட்டியில் வைத்துப் பழைய துணியைத் திணித்து அனுப்பினால் வேறு எப்படி வரும். மிச்சத்தை அத்தை ஒவ்வொன்றாக மூக்குக்கு நேரே பிடித்து மோந்து பார்த்தார். ஒன்றில் நின்றார். "கண்ணு, இதுல பினாயில் ஊத்தி வச்சிருக்காங்க போல, மோந்து பாரு." நான் மோந்து பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை, கண்ணாடியில் வாசம் ஒட்டாது என்று நானே எழுதியிருந்த விளம்பரத்தை நினைவுபடுத்தினேன். "ஒட்டாதுன்னா நீ அதுல காபி குடி பாக்கலாம்" என்றார். அதைத் தூக்கி வைத்துவிட்டோம். ஆக 60க்கு 26.

இந்த எண்ணை லேசாக விடாதீர்கள். ஒரு பாட்டில் சராசரியாக எத்தனை தடவை பயன்படும் என்பதைத் திரும்புகிற விகிதம்தான் தீர்மானிக்கிறது. நூற்றுக்கு 50 திரும்பினால் சராசரியாக இரண்டு தடவை. 80 திரும்பினால் ஐந்து. 90 திரும்பினால் பத்து. அதாவது 80 இல் இருந்து 90 க்குப் போகிற அந்தக் கடைசிப் பத்துதான் ஆயுளை இரட்டிப்பாக்குகிறது. எங்களுடையது இரண்டு தடவைக்கும் கீழே. 550 கிராம் கண்ணாடியை இரண்டு தடவை பயன்படுத்தினால் லிட்டருக்கு 275 கிராம் கண்ணாடி விழுகிறது, அதை உருக்க 1500 டிகிரிக்குப் பக்கத்தில் உலை எரிய வேண்டும். முப்பது கிராம் பெட்டைக் கைவிட்டு இதற்கு வந்து நான் பூமிக்கு என்ன நல்லது செய்தேன்? கூட்டிக் கழித்தால் கெடுதல்தான் செய்திருக்கிறேன் என்று நினைக்கிறேன், போட்டோ மட்டும் நன்றாக வந்தது.

கண்ணாடியின் மேல் குற்றம் இல்லை என்பதற்கு நீலகிரியே சாட்சி. காட்டுக்குள் உடைந்து கிடக்கிற மது பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்று சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதில், 2022 மே மாதம் அங்கே டாஸ்மாக் ஒரு பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரத் தொடங்கியது. பத்தில் ஒன்பதுக்கும் மேல் திரும்பியதாகச் சொன்னார்கள், பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. வெறும் 10 ரூபாய்க்கு எப்படி இது நடந்தது, நான் வாங்கிய 40 ரூபாய் அட்வான்ஸுக்கு ஏன் நடக்கவில்லை என்று ரொம்ப நாள் யோசித்தேன். குடிக்கிறவர் நாளைக்கும் அதே கடைக்குத்தான் போகப் போகிறார், போகிற கையில் காலி பாட்டில், அவ்வளவுதான். என் வாடிக்கையாளர் பெட்டி தேட வேண்டும், சுற்ற வேண்டும், கூரியர் ஆள் வருகிற நேரத்தில் வீட்டில் இருக்க வேண்டும். 40 ரூபாய்க்கு ஒரு அரைநாளை யார் தருவார்கள்?

உலக அளவிலும் இதே கதைதான் நடந்திருக்கிறது. டெராசைக்கிள் நிறுவனத்தின் 'லூப்' 2019 இல் பெரிய பெரிய கம்பெனிகளின் பொருட்களைத் திரும்பப் பயன்படுத்தும் டப்பாக்களில் அடைத்து, ஒரு தடிமனான பையில் வைத்து வீட்டுக்கே அனுப்பி, அதே பையில் காலியைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் ஆன்லைன் திட்டமாகப் பாரிஸிலும் அமெரிக்காவிலும் தொடங்கியது. ஐஸ்கிரீமுக்கு எஃகு டப்பா எல்லாம் வைத்திருந்தார்கள். கொஞ்ச காலத்தில் சூப்பர்மார்க்கெட் அலமாரிக்குத் திரும்பிவிட்டார்கள், வாங்குகிற கடையிலேயே காலியைப் போட்டுவிட்டுப் போகலாம் என்று. அவர்களிடம் இருந்த பணமும் ஆளும் நம்மிடம் இல்லை, ஆகவே அவர்கள் விட்ட இடத்தில் நாம் பிடிக்க வேண்டியதில்லை.

மூன்றாவது வழி டின், அதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 15 கிலோ டின் ஓட்டலுக்கும் சமையல்காரர்களுக்கும் எங்கள் வழக்கம். பழைய டின்னைக் கழுவி மறுபடி எண்ணெய் ஊற்றுவதை ஊரில் நிறையப் பார்த்திருப்பீர்கள், விதிப்படி அது கூடாது. ஒருதடவை பயன்படுத்திய தகர டின்னில் மறுபடி சமையல் எண்ணெய் அடைக்கக் கூடாது என்று தெளிவாகவே இருக்கிறது. ஆனால் டின்னுக்கு ஒரு நல்ல குணம், நீங்கள் எதுவும் செய்யாமலே அது உலைக்குத் திரும்பிவிடும். இரும்புக்கு எடைக்கு எடை காசு, அதனால் காலி டின் குப்பைக்குப் போய் நான் பார்த்ததில்லை. ஒன்று அரிசி அளக்கும், ஒன்று துளசிச் செடி வளர்க்கும், கடைசியில் எல்லாமே பழைய இரும்புக்காரரிடம். ஓட்டல்களுக்கு டின்தான் சரி. வீடுகளுக்குச் சின்ன டின் விலை கட்டுப்படியாகவில்லை.

நான்காவதாக, சென்னையிலும் பெங்களூரிலும் 'பாத்திரம் கொண்டுவாருங்கள், அளந்து ஊற்றுகிறோம்' வகைக் கடைகளோடு சேர்வது. எண்ணெயை மொத்தமாக அனுப்பிவிட்டால் ஆன்லைனில் ஆர்டர், கடையில் நிரப்பிக்கொள்வது என்று வைக்கலாம். கேட்க மிக நன்றாக இருக்கிறது, அத்தை காலத்துத் தூக்கு திரும்பி வருகிற மாதிரி. அரிசி, பருப்பு, சோப்புத்தூளுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது என்றே சொல்வேன். எண்ணெய்க்கு மட்டும் ஒரு முட்டுக்கட்டை: 2011 ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளின்படி சிறப்பு விலக்கு இருந்தால் ஒழிய, சமையல் எண்ணெயை அடைத்து லேபிள் ஒட்டாமல் லூசில் விற்கக் கூடாது. கலப்படத்தைத் தடுக்க வந்த விதி, அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. லைசென்ஸை வைத்துக்கொண்டு அந்த விளையாட்டுக்கு நான் வரவில்லை என்று விட்டுவிட்டேன்.

மிச்சம் இருந்தது ஐந்து லிட்டர் கேன். இதற்கு நான் வந்து சேர்ந்ததே தண்ணீர் கேன் தம்பியைப் பார்த்துத்தான். சென்னையில் சித்தி வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து கூரியர் பில்லைப் பார்த்து நொந்துகொண்டிருந்தபோது அவர் ஒரு தோளில் நிறை கேன், இறங்கும்போது கையில் காலி கேன் என்று இரண்டு நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டுப் போனார். காலியை எடுக்க அவர் தனியாக ஒரு தடவை வரவில்லை. நான் இத்தனை நாள் பாட்டிலை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன், வண்டியைப் பற்றி யோசிக்கவே இல்லை.

இப்போது சென்னைக்கு நடக்கிறது இப்படி. மாதம் 20 தேதி வரை ஆர்டர் எடுக்கிறோம். எண்ணெயைக் கனத்த எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் கேனில் அடைத்து, மூடிக்குச் சீல் போட்டு, லாரி புக்கிங் ஆபீஸில் மொத்தமாகப் போட்டுவிடுகிறோம், தனித்தனி அட்டைப்பெட்டி கிடையாது, குமிழ் உறை கிடையாது. சம்பளம் வந்த பிறகு வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு குட்டியானை வண்டி பிடித்து ஆறு ஏரியாவுக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு ஏரியாவிலும் ஒரு இடம் பேசி வைத்திருக்கிறோம், வேளச்சேரியில் ஒரு அப்பார்ட்மெண்ட் வாசலில் இருக்கிற இஸ்திரிக் கடை. நிறை கேன் இறங்குகிறது, காலி கேன் ஏறுகிறது. யாராவது ஊரில் இல்லையென்றால் காலி கேனை இஸ்திரிக் கடை அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள், அவருக்குக் கேனுக்கு இவ்வளவு என்று கொடுத்துவிடுகிறோம். மாலையில் காலி கேன்களைச் சாக்கில் கட்டித் திருப்பூர்ப் பக்கம் திரும்புகிற லாரிக்குப் போட்டு லாரி ரசீது (எல்.ஆர்.) காப்பியை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அந்த மாதச் சுற்று முடிந்தது. காலி கேனும் காற்றுதான், ஆனால் பத்துப் பன்னிரண்டைச் சேர்த்துச் சாக்காகப் போடும்போது காற்றுக்குக் கொடுக்கிற கூலி எவ்வளவோ குறைகிறது.

அட்வான்ஸ் கேன் விலையைவிடக் கொஞ்சம் அதிகமாக வைத்திருக்கிறோம். ஆளுக்கு ஆள் காசைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்க மாட்டோம், காலி கேன் வந்தால் அடுத்த கேனுக்கு அட்வான்ஸ் இல்லை, அவ்வளவுதான். நிறுத்திக்கொள்கிறேன் என்பவருக்கு மட்டும் யு.பி.ஐ. யில் திருப்பி விடுகிறோம். கேனுக்கெல்லாம் நம்பர் போட்டிருக்கிறோம், இல்லையென்றால் யாருடைய பழைய கேனாவது நம் கேனாகத் திரும்பி வரும். ஜி.எஸ்.டி.யில் ஒரு நுணுக்கம் உண்டு, கவனித்துக்கொள்ளுங்கள்: திருப்பித் தர வேண்டிய அட்வான்ஸ் விற்பனை வருமானம் ஆகாது, கேன் வரவில்லை என்று அதை நீங்களே எடுத்துக்கொள்கிற நாளில்தான் அது வரிக்கு உட்படுகிறது. இதைத் தனிக் கணக்கில் வையுங்கள், ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இதில் எல்லாம் தேன் சொட்டுகிறது என்று நினைக்க வேண்டாம். கேன்களில் போட வேண்டிய முதலைப் பார்த்து முதல் நாள் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கேன் இங்கிருந்து கிளம்பி, வீட்டில் தீர்ந்து, திரும்பி வந்து, கழுவிக் காய்ந்து மறுபடி நிரம்ப இரண்டரை மாதம் ஆகிறது. வாரத்துக்கு 40 கேன் விற்றால் ஏறக்குறைய 440 கேன் எப்போதும் ஊரைச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். அதில் நம் கண்ணில் படுவது எந்த நேரத்திலும் 40, 50 தான், மிச்சமெல்லாம் யார் யார் வீட்டுச் சமையலறையிலோ.

கழுவுவது தனி வேலை. பிளாஸ்டிக்குக்குள் எண்ணெய் ஊறும், ஊறியது சிக்குப் பிடித்தால் புது எண்ணெயையும் கெடுக்கும். அதனால் நல்லெண்ணெய்க் கேனில் நல்லெண்ணெய் மட்டும், கடலைக் கேனில் கடலை மட்டும், கழுத்தில் பச்சைப் பட்டை, மஞ்சள் பட்டை என்று பிரித்துவிட்டோம். சுடுநீரில் சோடா போட்டு அலசி, இரண்டு தண்ணீர் மாற்றி, கவிழ்த்துக் காற்றோட்டத்தில் இரண்டு நாள். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் எண்ணெய் மங்கும். காய்ந்த பிறகு அத்தையின் மூக்கு, அதற்கு மேல்முறையீடு கிடையாது. பன்னிரண்டு சுற்றுக்கு மேல் எந்தக் கேனையும் ஓட்டுவதில்லை என்று நாங்களே ஒரு கணக்கு வைத்திருக்கிறோம், அதற்குப் பிறகு அது பழைய பிளாஸ்டிக் எடுப்பவரிடம் போகிறது.

தேங்காய் எண்ணெயில் இன்னொரு வேடிக்கை. அது 24 டிகிரிக்குக் கீழே உறையும், சென்னையில் அந்தப் பிரச்சினை அவ்வளவாக வராது. டிசம்பரில் பெங்களூருக்குச் சோதனையாக ஐந்து கேன் அனுப்பினோம், குறுகிய வாய்க் கேனுக்குள் வெள்ளை மெழுகாக உறைந்து நின்றுவிட்டது. ஒரு வாடிக்கையாளர் கேனை வெயிலில் வைத்துவிட்டு, "ஏங்க, எண்ணெய் வாங்கினேனா, அப்பளம் காய வைக்கிறேனா?" என்று கேட்டார். தேங்காய் எண்ணெய்க்கு அகல வாய் வேண்டும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஐந்து லிட்டர் எல்லோருக்கும் ஒத்துவராது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டில் ஐந்து லிட்டர் நல்லெண்ணெய் எத்தனை மாதம் கிடக்கும்? செக்கு எண்ணெய் அத்தனை நாள் வைத்திருக்கக் கூடியதல்ல. பக்கத்து வீட்டோடு சேர்ந்து வாங்குங்கள் என்று சொல்லிப் பார்த்தோம், சிலர் கேட்டார்கள். அப்புறம் ஆன்லைன் என்றாலே இன்றைக்குப் போட்டால் நாளைக்கு வர வேண்டும் என்று பழகிவிட்டது, மாதத்துக்கு ஒருதடவைதான் என்றதும் கொஞ்சம் பேர் விலகிப்போனார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பெரிய விற்பனைத் தளங்கள் வழியாக இதைச் செய்யவே முடியவில்லை, அங்கே அட்வான்ஸ் என்று ஒரு வரி போட இடமில்லை, வாங்கியவர் யார், காலி கேன் யார் வீட்டில் என்பதே நமக்குத் தெரியாது. சொந்த வெப்சைட், வாட்ஸ்அப் வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்த வழி.

பெரிய பிராண்டுகளுக்கு இது விருப்பமாக இல்லாமல் கட்டாயமாகவே வந்துகொண்டிருக்கிறது. நான் சொன்ன அதே 2022 வழிகாட்டுதலில், 4.9 லிட்டருக்கு மேற்பட்ட கெட்டிப் பிளாஸ்டிக் கலன்களில் 70 சதவீதத்தை மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும், 2025-26 இல் தொடங்கி ஆண்டுக்கு ஆண்டு கூட்ட வேண்டும் என்று இருந்தது. அதற்குக் கீழே உள்ளவற்றுக்கு ஆரம்பம் வெறும் 10 தான். ஐந்து லிட்டருக்கு மேல்தான் சுற்று ஓடும் என்பது அரசாங்கத்துக்கும் தெரிந்திருக்கிறது போல.

கடைசியில் நாங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை விடவில்லை, ஊரைப் பார்த்துப் பிரித்துவிட்டோம். கோவை, திருப்பூருக்கு மாமாவின் வண்டி புண்ணாக்கு லோடோடு வாரம் ஒருநாள் எப்படியும் போகிறது, அங்கே கண்ணாடி பாட்டில். அதே கண்ணாடி, அதே அத்தை மூக்கு, போன மூன்று மாதத்தில் பத்துக்கு ஒன்பதுக்குக் குறையாமல் திரும்பி வருகிறது. சென்னைக்குக் கேன். ஓட்டலுக்கு டின். திருநெல்வேலியில் ஒருவர், புனேயில் ஒருவர் என்று சிதறிக் கிடப்பவர்களுக்கு இன்னமும் பெட் பாட்டில்தான், கூரியர்தான். லேபிளில் இருந்த வாசகங்களில் பாதியை எடுத்துவிட்டு, 'இந்தப் பாட்டிலை மறுபடி நிரப்ப முடியாது, கழுவிப் பழைய சாமான் எடுப்பவரிடம் கொடுங்கள்' என்று போட்டுவிட்டேன். விற்பனை ஒன்றும் குறையவில்லை.

தேன், நெய் விற்பவர்கள் என்னிடம் கேட்டால், உங்கள் ஊருக்கு ஐம்பது கிலோமீட்டருக்குள் எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள் என்பேன். அவர்களுக்குக் கண்ணாடியில் ஆரம்பியுங்கள், தூரத்தில் இருப்பவருக்குக் கண்ணாடியில் அனுப்பித் திருப்பிக் கேட்காதீர்கள். தேனும் நெய்யும் கால் கிலோ, அரைக் கிலோவாகப் போகிற சரக்கு, ஐந்து லிட்டர் கேன் உங்களுக்கு உதவாது. ஊறுகாய்க்காரர்களுக்கு எண்ணெயோடு புளியும் உப்பும் மூடியை அரிக்கும், அந்த மூடியைத் திருப்பிப் பயன்படுத்தவே வேண்டாம்.

மூடி என்றதும் ஞாபகம் வருகிறது. இத்தனை கேனும் திரும்பி வந்தாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் சீலோடு ஒரு மூடி புதிதாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. வேளச்சேரி அக்கா போன மாதம் காலி கேனோடு ஒரு சின்னப் பை நிறையப் பழைய மூடிகளையும் இஸ்திரிக் கடையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் பை இப்போது செக்குக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது.